எண்ணெய் நெருக்கடி கொல்லாத கார்கள்

நீங்கள் கேட்டது இது: எழுபதுகளின் அமெரிக்கப் படங்களில் வருகிற, இரண்டே கதவு வைத்த, போனட் மட்டுமே ஒரு முற்றம் அளவுக்கு நீண்ட அந்தக் கார்களை இப்போது ஏன் யாரும் செய்வதில்லை? 1973 எண்ணெய் நெருக்கடியோடு அவை ஒழிந்துவிட்டதாகப் படித்தேன், அது சரியா?

சரியில்லை. பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் விற்பனைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. அந்த வகைக் கார்கள் உச்சத்தில் விற்றதே நெருக்கடிக்கு நான்கு வருடம் கழித்துத்தான். 1977-ல் செவர்லே மான்ட்டி கார்லோ மட்டும் 4,11,000 வண்டிகள். ஃபோர்டு தண்டர்பேர்டு 3,18,000. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அதே மக்கள்தான் இவற்றை வாங்கினார்கள். அப்படியானால் எதனால் உயர்ந்தன, எதனால் விழுந்தன என்பதைக் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு அமெரிக்காவில் 'பர்சனல் லக்சுரி' கார் என்று பெயர். 'பர்சனல்' என்ற சொல்தான் முக்கியம். டிரைவர் வைத்து, பின்சீட்டில் உட்கார்ந்து போகிற முதலாளியின் வண்டி இல்லை. பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகிற குடும்ப வண்டியும் இல்லை. சொந்தக்காரரே ஓட்டுவார், பக்கத்தில் ஒருவர் இருப்பார், பின்சீட் எப்போதாவது. ஸ்போர்ட்ஸ் கார் என்றும் சொல்ல முடியாது. சஸ்பென்ஷன் மெத்தை மாதிரி இருக்கும், கியர் தானாக மாறும், ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். வளைவில் வேகமாகத் திரும்புவதற்காக அதை யாரும் வாங்கவில்லை.

தொடக்கம் 1955 ஃபோர்டு தண்டர்பேர்டு. இரண்டே சீட். அந்த வருடம் செவர்லேயின் கார்வெட் 700 விற்றது, தண்டர்பேர்டு 16,155. இரண்டும் இரண்டு சீட் வண்டிகள்தான். ஆனால் ஃபோர்டு ஜன்னல் கண்ணாடியைப் பட்டனால் இறக்கும் வசதி, நல்ல ஹீட்டர், வி8 எஞ்சின் என்று சொகுசையும் சேர்த்துத் தந்தது. ஓட்டுபவர் பந்தயக்காரர் ஆக வேண்டியதில்லை, அழகான வண்டியில் போனால் போதும் என்பதை ஃபோர்டு முதலில் புரிந்துகொண்டது.

அடுத்த திருப்பத்துக்குக் காரணமானவர் ராபர்ட் மெக்நமாரா. வியட்நாம் போர்க்காலப் பாதுகாப்பு அமைச்சராகத்தான் உலகம் அவரை அறியும். அதற்கு முன் ஃபோர்டில் கணக்கு பார்த்தவர். இரண்டு சீட் வண்டியில் லாபம் தேறாது, நான்கு பேர் உட்கார வேண்டும் என்றார். பழைய ரசிகர்களுக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் 1958-ல் வந்த நான்கு சீட் தண்டர்பேர்டு முதல் வருடமே 37,000-ஐத் தாண்டியது. 1960-ல் 90,000-க்கும் மேல். எனக்கு அந்த 1958 வண்டியில் ஒரு விஷயம் ரொம்பப் பிடிக்கும். வண்டியை மிகத் தாழ்வாகக் கட்டியதால், பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போகும் தண்டு தரையைப் பிளந்து கொண்டு நடுவில் ஒரு மேடாக எழும்பிவிட்டது. மறைக்க வழியில்லை. வடிவமைப்பாளர்கள் அந்த மேட்டின் மேலேயே சுவிட்சுகளையும் ஆஷ்ட்ரேயையும் வைத்து, இரண்டு பக்கமும் தனித்தனிச் சீட் போட்டு, விமானத்தின் காக்பிட் போல ஆக்கிவிட்டார்கள். இன்று எந்தக் காரிலும் முன்சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் கன்சோல் அமெரிக்காவில் பரவ அது பெரிய காரணம்.

செவர்லே, ப்யூக், கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல், போன்டியாக் என்று பல பிரிவுகளை வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸிடம் இதற்குப் பதில் இல்லாமலே ஐந்து வருடம் போனது. 1963-ல் ப்யூக் ரிவியேரா வந்தது. அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் லண்டனுக்குப் போயிருந்தபோது பனிமூட்டத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸைப் பார்த்ததாகவும், கத்தியால் வெட்டியது போன்ற அதன் கூரை விளிம்பும் ஃபெராரியின் தாழ்ந்த உடலும் ஒன்றுசேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்ததாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதலில் கேடிலாக்குக்காக வரைந்தார்கள். கையில் இருக்கும் வண்டிகளே விற்றுத் தீர்கின்றன என்று கேடிலாக் வேண்டாம் என்றது. மற்ற பிரிவுகள் அதற்குப் போட்டியிட்டு, கடைசியில் ப்யூக் வாங்கிக்கொண்டது. முதல் வருடம் 40,000 வண்டிக்கு மேல் செய்வதில்லை என்று வேண்டுமென்றே எல்லை வைத்தார்கள். விலை 4,333 டாலர்.

1963 ரிவியேராவைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தேவையில்லாத ஒரு குரோமியப் பட்டை கிடையாது. பின் சக்கரத்துக்கு மேல் உடல் மெல்ல உயர்ந்து இறங்குகிற அந்த ஒரு வளைவுக்கு மட்டும் எத்தனை களிமண் மாதிரிகளைச் செய்து உடைத்திருப்பார்களோ. ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் இல்லை. இறக்கிவிட்டால் வண்டியின் நடுப்பகுதி காற்றோட்டமாகத் திறந்துவிடும். இந்த வகையில் இதைவிட அழகான வண்டி அதன் பின் வரவில்லை என்பது என் உறுதியான கருத்து.

பொறியியலில் பெரிய துணிச்சல் 1966 ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ. 7 லிட்டர் எஞ்சின், 385 குதிரைத்திறன், அத்தனையும் முன் சக்கரங்களுக்கு. 1937-ல் கார்ட் வண்டி நின்றுபோன பிறகு அமெரிக்காவில் முன்சக்கர இயக்கத்தை யாரும் தொடவில்லை. இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு அது தாங்காது என்றே பலர் நினைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சினை வழக்கம்போல் நீளவாக்கில் வைத்தது. கியர்பாக்ஸை எஞ்சினின் வாலில் மாட்டாமல், அதை இரண்டாகப் பிரித்து, கியர் பகுதியை எஞ்சினுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, இரண்டையும் அகலமான ஒரு எஃகுச் சங்கிலியால் இணைத்தது. சத்தமும் வராமல், அறுந்தும் போகாமல் பல வருடம் ஓடிய சங்கிலி அது. அடுத்த வருடம் கேடிலாக் எல்டொராடோவும் அதே அமைப்புக்கு மாறியது. உள்ளே தரை மேடில்லாமல் சமமாக இருக்கும், ஆறு பேர் உட்காரலாம். இந்த 'நீளவாக்கில்' என்ற சொல்லை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை சொன்னவை எல்லாம் விலை உயர்ந்தவை. சாதாரண மாதச் சம்பளக்காரர் கைக்கு இந்த வகையைக் கொண்டு வந்தது 1969 போன்டியாக் கிராண்ட் ப்ரீ. அந்தப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஜான் டெலோரியன். முந்தைய கிராண்ட் ப்ரீ ஒரு பெரிய குண்டு வண்டி. 1968-ல் விற்றது 32,000-க்கும் குறைவு. டெலோரியன் ஆட்கள் செய்த வேலையை இந்தக் கேள்விக்கான பதிலின் நடுமுடிச்சு என்றே சொல்வேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸிடம் நடுத்தர அளவில் ஒரு சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், இருந்தது. அதில் இரண்டு கதவு வண்டிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 112 அங்குலம், நான்கு கதவுக்கு 116. கிராண்ட் ப்ரீக்கு அதை 118 ஆக்கினார்கள். கூட்டிய அங்குலத்தில் ஒன்றுகூட உட்காருபவருக்குப் போகவில்லை. முழுவதையும் முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையில் போட்டார்கள். எஞ்சினுக்கும் அந்த இடம் தேவையில்லை. போனட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்குப் பின்னால் ஆள் இறங்கி நிற்கலாம் போல இருக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த இடைவெளிதான் எல்லாமே. முன் சக்கரம் கதவை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு பணக்கார வண்டி. முப்பதுகளில் டூசன்பெர்க் போன்ற வண்டிகளில் நீளமான எட்டு சிலிண்டர் எஞ்சின் உண்மையிலேயே அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்தது. கிராண்ட் ப்ரீயில் ஜே, எஸ்ஜே என்று வைத்த பெயர்களே டூசன்பெர்க்கிலிருந்து எடுத்தவைதான். போனட் ஆறடி. உள்ளே டேஷ்போர்டு ஓட்டுநரைச் சுற்றி வளைந்து நிற்கும். 1969-ல் 1,12,486 விற்றது.

ஒரு சாதாரண நடுத்தர வண்டியின் எலும்புக்கூடு, அதே பிரேக், அதே எஞ்சின். கூடுதல் செலவு கொஞ்சம் தகடு. கூடுதல் விலையோ நன்றாகவே கிடைத்தது. அடுத்த வருடமே செவர்லே மான்ட்டி கார்லோ வந்தது. நான்கு கதவு வண்டியின் 116 அங்குலச் சேஸிஸை அப்படியே எடுத்து, இரண்டு கதவு உடலைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். அடிப்படை விலை 3,100 டாலரைச் சற்றே தாண்டியது. தொழிற்சாலை ஃபோர்மேன், பள்ளி ஆசிரியை, புதிதாக வேலைக்குப் போன இளைஞர் எல்லோரும் வாங்க முடிந்தது. இதை ஏமாற்று என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அளவு விகிதமும் ஒரு பொருள்தான். தச்சர் ஒரு கதவின் அகலத்துக்கும் உயரத்துக்கும் கணக்குப் பார்ப்பதற்கு நாம் கூலி கொடுப்பதில்லையா?

மேல்தட்டில் இதையே ஃபோர்டில் நிர்வாகியாக இருந்த லீ அயகோக்கா செய்தார். தண்டர்பேர்டுக்கு ரோல்ஸ் ராய்ஸ் போல நிமிர்ந்த ஒரு கிரில்லை வைத்துப் பாருங்கள் என்று வடிவமைப்பாளர்களுக்கு அவர் சொன்னதன் விளைவு, ஃபோர்டின் சொகுசுப் பிரிவான லிங்கன் 1968-ல் வெளியிட்ட கான்டினென்டல் மார்க் 3. நான்கு கதவுத் தண்டர்பேர்டின் சேஸிஸ், ஹெட்லைட்டை மறைக்கும் மூடிகள், டிக்கி மூடியில் ஸ்டெப்னி டயர் புடைத்தது போன்ற வட்டம், டேஷ்போர்டில் கார்ட்டியர் கடிகாரம். அதற்குப் பின் வந்த மார்க் 4-ல் பின்பக்கத் தூணில் முட்டை வடிவச் சின்ன ஜன்னல் வந்தது. 'ஆபரா ஜன்னல்' என்பார்கள். பிறகு அது நாடு முழுக்கத் தொற்றிக்கொண்டது. கூரைக்கு வினைல் உறை, வெல்வெட் மாதிரி வெலூர் சீட், சீட்டில் தலையணை போலப் பொத்தான் தைப்பு. 1976-ல் பில் பிளாஸ், கார்ட்டியர், ஜிவான்ஷி, பூச்சி என்று ஆடை, நகை உலகின் பெயர்களில் தனித்தனி நிறச் சேர்க்கையோடு மார்க் 4 விற்றார்கள். அடுத்து வந்த மார்க் 5-ன் நீளம் 230 அங்குலம், அதாவது 5.8 மீட்டருக்கும் மேல். நம்மூர் அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர் என்பதை வைத்து அளந்து கொள்ளுங்கள். அம்பாசடரில் நான்கு கதவு, இதில் இரண்டு.

இனி நீங்கள் கேட்ட 1973-க்கு வருவோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு விஷயங்கள் வேகத்தைக் கொன்றன: புகைக் கட்டுப்பாட்டு விதிகள், இன்ஷூரன்ஸ் கட்டணம். இளைஞர்கள் வாங்கிய அதிவேக 'மசில்' கார்களுக்கு இன்ஷூரன்ஸ் தாங்க முடியாத அளவுக்கு ஏறியது. புகை விதிகளுக்காக எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள், அதோடு சக்தியும் குறைந்தது. கேடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எஞ்சினுக்கு 1970-ல் 400 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தது, 1976-ல் 190. இதில் ஒரு பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது. முன்பு எஞ்சினைத் தனியாக மேசையில் ஓட்டி அளந்தார்கள், 1972-லிருந்து சைலன்சர், ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்தார்கள். அதைக் கழித்தாலும் சரிவு நிஜம். வேகத்தை விற்க முடியாதபோது கம்பெனிகளிடம் விற்பதற்கு மிச்சம் இருந்தது சொகுசு ஒன்றுதான்.

அதோடு எண்ணெய் நெருக்கடி வந்ததும், இரண்டு டன் பெரிய செடான் வைத்திருந்தவர் ஒரேயடியாகச் சின்ன ஜப்பான் காருக்கு இறங்கிவிடவில்லை. ஒரு படி இறங்கினார். அந்தப் படியில் நின்றிருந்தவைதான் கட்லஸ், மான்ட்டி கார்லோ, கிராண்ட் ப்ரீ. வண்டி சிறிதானது, அந்தஸ்து குறையவில்லை. 1976-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ். அந்தக் குடும்பத்தில் மக்கள் ஓடி ஓடி வாங்கியது நிமிர்ந்த பின்கண்ணாடி வைத்த இரண்டு கதவு கட்லஸ் சுப்ரீம். கிறைஸ்லர் 1975-ல் கார்டோபாவைக் கொண்டு வந்து முதல் வருடமே சுமார் 1,50,000 விற்றது. அதன் விளம்பரத்தில் நடிகர் ரிக்கார்டோ மோன்டல்பான் தன் கனத்த குரலில் 'கொரிந்தியத் தோல்' சீட்டைப் பற்றிப் பேசுவார். கிரேக்கத்துக் கொரிந்து நகருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. விளம்பர நிறுவனம் ஒலிக்காக வைத்த பெயர். தோலில் பெரும்பகுதி வந்தது நியூ ஜெர்சியிலிருந்து.

தண்டர்பேர்டு கதைதான் இதில் உச்சம். 1976-ல் அது லிங்கனோடு சேஸிஸைப் பகிர்ந்துகொண்ட பிரம்மாண்ட வண்டி, விலை 7,800 டாலருக்கு அருகில், விற்றது 53,000-க்குள். 1977-ல் ஃபோர்டு அதை நடுத்தரச் சேஸிஸுக்கு மாற்றி, விலையை 5,063 டாலருக்கு இறக்கியது. ஒரே வருடத்தில் ஆறு மடங்கு. 1978-ல் 3,52,000-க்கும் மேல். நெருக்கடி கொன்றிருந்தால் இந்த எண் எங்கிருந்து வரும்?

அந்தக் காலத்து வண்டிகளின் குறைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. வினைல் கூரைக்கு அடியில் ஈரம் தங்கித் தகடு துரு பிடிக்கும். வெளியே தெரியும்போது உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். நாலரை அடிக் கதவின் எடையில் கீல் தொங்கிப் போகும், கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். இடித்தாலும் நசுங்காத பம்பர் வேண்டும் என்று 1973-லிருந்து வந்த சட்டத்துக்காக, பல வண்டிகளின் முன்னும் பின்னும் தண்டவாளம் போல ஒன்றை ஒட்ட வைத்து அழகைக் கெடுத்தார்கள். ஆனால் பாதுகாப்பில் இவை முன்னால் நின்ற இடங்களும் உண்டு. பின்கண்ணாடிக்குக் கீழே, பின்னால் வருபவர் கண்ணுக்கு நேராக எரியும் பிரேக் லைட் 1971 டொரனாடோவிலேயே இருந்தது. எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமானது 1986 மாடலிலிருந்துதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1974 முதல் 1976 வரை ஏர்பேக்கோடு விற்ற சுமார் 10,000 வண்டிகளில் டொரனாடோவும் ரிவியேராவும் சேர்த்தி.

சரி, விழுந்தது எப்படி? எண்ணெய் நெருக்கடி நேராகக் கொல்லவில்லை, ஆனால் ஒரு சட்டம் பிறக்க அது காரணமானது. 1975-ல் வந்த எரிசக்திச் சட்டப்படி, ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் சராசரி 1978-ல் காலனுக்கு 18 மைல், 1985-ல் 27.5 மைல் என்று ஏற வேண்டும். வாங்குபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வண்டி சுருங்கியே தீர வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1978-ல் நடுத்தர இரண்டு கதவுக் கார்களைச் சுருக்கியபோது பெரிய சேதமில்லை. பின்சக்கர இயக்கம் தொடர்ந்தது, போனட்டின் கம்பீரம் ஓரளவு தப்பியது. 1980 தண்டர்பேர்டைச் சுருக்கியபோது ஃபோர்டு தடுமாறியது. பெட்டி மாதிரி உடலில் பழைய அலங்காரங்களை எல்லாம் ஒட்டினார்கள். கூடவே 1979-ன் இரண்டாவது எண்ணெய் அதிர்ச்சியும் பொருளாதார மந்தமும் சேர்ந்தன. 1982-ல் விற்பனை 45,000. வடிவமைப்பாளர் ஜாக் டெல்நாக் தலைமையில் 1983-ல் அலங்காரத்தை எல்லாம் உரித்துப் போட்டு, காற்றைக் கிழிக்கும் வழவழப்பான உடலோடு வந்தபோது மறுபடி 1,20,000 தொட்டது. மக்கள் இன்னும் வாங்கத் தயாராகத்தான் இருந்தார்கள்.

கடைசி அடி 1986-ல் விழுந்தது. பெட்ரோல் விலை விண்ணுக்குப் போகும் என்று நம்பி ஜெனரல் மோட்டார்ஸ் ரிவியேரா, டொரனாடோ, எல்டொராடோ மூன்றையும் ஒன்றரை அடி அளவுக்கு வெட்டியது. இப்போது எஞ்சின் குறுக்குவாக்கில். டொரனாடோவின் சங்கிலி வித்தை நினைவிருக்கிறதா? எஞ்சின் நீளவாக்கில் இருந்தவரை முன்சக்கர இயக்கத்திலும் நீண்ட போனட் சாத்தியமாக இருந்தது. குறுக்கே வைத்ததும் முன் சக்கரம் கதவை ஒட்டி வந்துவிட்டது, மூக்கு முன்னால் துருத்திக்கொண்டது. ரிவியேராவில் தொட்டால் வேலை செய்யும் திரை வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது அதிசயம். பயனில்லை. 1985-ல் 65,000 விற்ற ரிவியேரா 1986-ல் 22,000. எல்டொராடோவும் அதே விகிதத்தில் சரிந்தது. அந்த வருடம் பெட்ரோல் மலிவாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று வருடம் கழித்து, 1989-ல், ரிவியேராவை 11 அங்குலம் நீட்டினார்கள். உட்காரும் இடம் மாறவே இல்லை, ஆனால் விற்பனை முந்தைய வருடத்தைவிட இரட்டிப்புக்கு மேல் ஏறியது. மக்கள் எதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் வாங்குபவரும் மாறிவிட்டார். அந்தஸ்து என்றால் பிஎம்டபிள்யூ என்று இளைஞர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். குழந்தைகளைத் தனி இருக்கையில் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும் என்ற சட்டம் 1978-ல் டென்னசியில் தொடங்கி 1985-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. இரண்டு கதவு வண்டியில் முன்சீட்டை மடக்கி, குனிந்து, பின்னால் ஒரு குழந்தையைக் கட்டிப் பார்த்த எந்தப் பெற்றோரும் அடுத்த முறை இரண்டு கதவு வாங்கியிருக்க மாட்டார்கள். தொண்ணூறுகளில் உயரமான எஸ்யூவிகள் வந்தபோது, தேவையில்லாத அளவு பெரிய வண்டியை ஆசைக்காக வாங்கும் பழக்கம் அப்படியே அங்கே இடம் மாறியது.

ஒவ்வொன்றாக நின்றன. தண்டர்பேர்டு 1997-ல் (2002-லிருந்து 2005 வரை இரண்டு சீட்டோடு ஒரு முறை திரும்பி வந்தது), லிங்கன் மார்க் 1998-ல், ரிவியேரா அதை ஒட்டியே, எல்டொராடோ 2002-ல், மான்ட்டி கார்லோ 2007-ல்.

இப்போது இவற்றை உயிரோடு வைத்திருப்பவர்களில் லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளி லோரைடர்காரர்கள் முக்கியமானவர்கள். ஹைட்ராலிக் பம்பு வைத்துத் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கி, அடுக்கடுக்காகப் பெயின்ட் அடித்து, ஞாயிறு மாலையில் நடை வேகத்தில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்தவற்றில் எண்பதுகளின் மான்ட்டி கார்லோவும் கட்லஸ் சுப்ரீமும் ப்யூக் ரீகலும் உண்டு. இன்னமும் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, உதிரிபாகம் மலிவு. நடை வேகத்தில் போகும்போதுதான் அந்த முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையிலுள்ள நீளத்தைப் பக்கத்தில் நிற்பவர் முழுதாகப் பார்க்க முடிகிறது.